உற்றது காட்டி உணர்த்தும் கல்வி

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது நம் நாட்டு முதுமொழி. கல்லாதார் கற்றாரை எள்ளுதற்கே இம்மொழி எழுந்ததென்று பலரும் கருதுவர். உற்று நோக்குவார்க்கோ, அஃது ஏட்டைப் பழிப்பதன்று, ஏட்டளவில் நின்றுவிடும் கல்வியையே பழிப்பது என்பது புலனாகும். சுரையின் இயல்பை ஏட்டிற் கற்றான் ஒருவன் தோட்டத்திற் புகுந்து, கொடியையும் காயையும் கண்டு, முற்றல் இது, பிஞ்சு இது எனத் தெரிந்து பறித்து வருவானாயின், அவன் கற்ற ஏடு கறிக்கும் உதவியதாகும். அங்ஙனம் ஏட்டினின்று தோட்டத்திற்குச் செல்லும் வழி யாது என்பதே கற்பிப்போர் நெடுநாளாக ஆராய்ந்துவரும் வினா. இந்நாளிற் கணினியும் இணையமும் அவ்வினாவிற்கு ஒருவகை விடையைக் கொணர்ந்துள்ளன. உலகில் மெய்யாக நேரும் இடர்ப்பாடுகளை மாணாக்கர்முன் நிறுத்தி, அவற்றைத் தீர்க்கும் ஆற்றலைப் பயிற்றும் மென்பொருள்களைப் பற்றி நம் கலாசாலை அன்பர்கட்குச் சிறிது விளக்க விரும்புகின்றோம்.

வழக்கு முறை யாது?

இக்கல்வி முறையை 'வழக்கு முறை' எனக் குறிப்போம். நீதிமன்றத்தில் தீர்ப்பை வேண்டி நிற்கும் நிகழ்ச்சியை வழக்கு என்கின்றோம். மக்கள் உலகில் ஒழுகும் முறையையும் வழக்கு என்கின்றோம். இவ்விரு பொருளும் இம்முறைக்குப் பொருந்துவனவே.

இதன் வரலாறு கணினிக்கு மிக முற்பட்டது. அமெரிக்க நாட்டு ஹார்வார்டு சட்டக் கலாசாலையில் 1870-ஆம் ஆண்டு தலைமையேற்ற லாங்டெல் என்பார், சட்ட விதிகளை மனப்பாடஞ் செய்து ஒப்புவிக்கும் முறையை விடுத்து, முன்னர்த் தீர்க்கப்பெற்ற வழக்குகளையே மாணாக்கர் கையிற் கொடுத்து, அவற்றினின்று விதிகளை அவர்களே வடித்தெடுக்குமாறு செய்தனர். 1908-இல் அப்பல்கலைக் கழகத்தில் தோன்றிய வாணிகக் கலாசாலை, பின்னர் இம்முறையை வாணிகத்திற்கும் உரியதாக்கிற்று. நம் நாட்டில் 1961-இல் அகமதாபாத்தில் நிறுவப்பெற்ற இந்திய மேலாண்மைக் கழகம், ஹார்வார்டின் துணைகொண்டு அதனையே தன் பயிற்றுமுறையாக ஏற்றது. கானடா நாட்டு மக்மாஸ்டர் பல்கலைக் கழகம் 1969-இல் மருத்துவக் கல்வியை இவ்வழியிற் றிருப்பிற்று. உடற்கூறு முழுவதையும் கற்பித்த பின்னரே நோயாளியைக் காட்டுவதென்னும் பழைய வரிசையை மாற்றி, நோயாளியின் வரலாற்றை முதலிற் றந்து, அதனை விளங்கிக்கொள்ளுதற்கு வேண்டும் நூல்களை மாணாக்கரே தேடிப் பயிலுமாறு அஃது ஏற்பாடு செய்தது.

துறைகள் வேறாயினும் முறையின் இலக்கணம் மூன்றே. இடர் முன்னும் பாடம் பின்னும் வருதல் ஒன்று. செய்தியெல்லாம் ஒருங்கே தரப்படாது, வினவுவார்க்கு மட்டும் வினவிய அளவிற் கிடைத்தல் மற்றொன்று. முடிவொன்றைச் செய்தே தீரவேண்டும் என்பதும், அதன் விளைவை முடிவு செய்தவனே காண வேண்டும் என்பதும் மூன்றாவது. இம்மூன்றனுள் ஒன்று குறையினும், அஃது எடுத்துக்காட்டுடன் கூடிய பழைய பாடமேயன்றி வழக்கு முறையாகாது.

சந்தவாசலில் ஒரு வழக்கு

எடுத்துக்காட்டின்றி இதனைத் தெளிதல் அரிது. அவ்வெடுத்துக்காட்டைத் தூரதேசத்தில் தேட வேண்டுவதில்லை. வேலூரினின்று கண்ணமங்கலம் வழியாகப் போளூர் செல்லும் பெருவழியில், சவ்வாது மலைத்தொடரின் அருகே, சந்தவாசல் என்னும் ஊர் உளது. சம்புவராய மன்னர்க்குத் தலைநகராய் விளங்கிய படைவீட்டிற்கு அங்கிருந்தே வழி பிரிகின்றது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு நெசவோடு தொடர்புடைய ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்கே ஒரு நெசவாளர் வீட்டில் நிகழ்ந்ததாகப் பின்வரும் வழக்கை யாமே கற்பித்துக்கொள்கின்றோம். ஆட்கள் கற்பனை, பட்டின் இயல்பாகக் கூறுவன மெய்.

நெசவாளர் ஒருவர் சாயம் ஏற்றுதற்பொருட்டு 10 கிலோ பச்சைப் பட்டு நூலைக் கழிகளாக நிறுத்து, தாம் பல்லாண்டு பழகிய சாயக்காரரிடம் கொடுத்தனர். சாயமேறி வந்த நூலை நிறுத்தபொழுது 7 கிலோ 700 கிராமே இருந்தது. 2 கிலோ 300 கிராம் காணப்படவில்லை. பட்டு நூல் கிலோ ஒன்றுக்குப் பல்லாயிரம் ரூபாய் விலையுடையது. கலாசாலையிற் பயிலும் அவர் மகன் கணக்கிட்டுப் பார்த்து, "நாம் ஏமாற்றப்பட்டோம், அப்பா" என்கின்றான். தந்தையோ விடை கூறாது தறிக்குழியில் இறங்கி அமர்கின்றார். அம்மகனின் நிலையில் இருப்பின் நீர் யாது செய்வீர்?

கணினித் திரையில் மாணாக்கன் காண்பது இவ்வளவே. இதற்குக் கீழே மூன்று வழிகள் காட்டப்பெறும்.

சாயக்காரரிடம் ஈடு கேட்பது முதல் வழி. அதனைத் தொட்ட மாணாக்கனுக்கு அடுத்த திரை விளைவைக் காட்டும். சாயக்காரர் மனம் புண்பட்டு அடுத்த நூலை ஏற்க மறுக்கின்றார், திருமணத்திற்கென ஒப்புக்கொண்ட சேலை நாள் தவறுகின்றது, ஈடும் கிடைத்தபாடில்லை. ஒன்றுங் கேளாது வாளா இருத்தல் இரண்டாம் வழி. அதனைத் தேர்ந்தவன் சில திங்கள் கழித்து, குறை 30 விழுக்காடாக உயர்ந்திருப்பதைக் காண்பான். அது தகுமா தகாதா என்று சொல்லுதற்கு அவனிடம் யாதோர் அளவுகோலும் இராது. மூன்றாம் வழி மேலும் வினாவுவது. கொடுத்த நூல் பசை நீக்கியதா நீக்காததா? எந்நாளில் நிறுத்தீர்கள்? எத்தராசில் நிறுத்தீர்கள்? இவ்வினாக்களைக் கேட்டவனுக்கே மறைந்துள்ள செய்திகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

அச்செய்திகள் யாவை? பட்டுப்புழு உமிழும் இழை இரு பொருள்களால் ஆயது. உள்ளே இருப்பது ஃபைப்ராயின் என்னும் இழைப்பொருள். அதனைப் போர்த்திருப்பது செரிசின் என்னும் பசை. மல்பெரிப் பட்டின் பச்சை நூலில் இப்பசை ஏறக்குறைய 20 முதல் 25 விழுக்காடு உளது. சவுக்காரமும் சோடாவும் கலந்த வெந்நீரில் நூலைக் காய்ச்சிப் பசையை நீக்கினாலன்றிப் பட்டு தன் மென்மையையும் ஒளியையும் பெறாது. சாயமும் சீராக ஏறாது. ஆகவே 10 கிலோ பச்சை நூல் 7 கிலோ 700 கிராமாகக் குறைதல், அஃதாவது 23 விழுக்காடு குறைதல், இயற்கையின் வரம்பிற்கு உட்பட்டதே. மற்றொன்றுமுண்டு. பட்டு காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் உட்கொள்வது. வாணிகத்தில் உலர்ந்த பட்டின் நிறையோடு 11 விழுக்காடு ஈரத்தைச் சேர்த்துக் கணக்கிடுதல் மரபு. மழைநாள் மாலையில் நிறுத்துக் கொடுத்த நூலை வறண்ட நண்பகலில் நிறுத்து வாங்கினால், எவரும் தொடாமலே நிறை குறையும்.

எனினும் வழக்கு இத்துடன் முடிவதில்லை. 23 விழுக்காடு வரம்பிற்கு உட்பட்டதென்பது சாயக்காரர்மேற் குற்றஞ் சாட்டுதற்கு இடமில்லை என்பதை மட்டுமே காட்டும். இனிவரும் நாட்களில் ஐயம் எழாதிருத்தற்கு வழி காட்டாது. ஆதலின் இறுதித் திரை, "அடுத்த முறை என் செய்வீர்?" என்று கேட்கின்றது. நல்ல விடை எளியதே. அடுத்த நூலைக் கொடுக்குமுன், அதே நூலினின்று 100 கிராம் கழி ஒன்றைத் தனியே எடுத்து, இருவர் முன்னிலையிலும் காய்ச்சிப் பசை நீக்கி, பழைய அறையிலேயே ஒருநாள் உலரவிட்டு மீண்டும் நிறுத்தல் வேண்டும். எஞ்சியது 77 கிராமாயின் அந்நூலிற் பசையின் பங்கு 23 விழுக்காடு என்பது தெளிவு. அவ்வளவை இருவரும் தத்தம் ஏட்டிற் குறித்துக்கொண்டால், பின்னர் வரும் குறையை அதனோடு ஒப்பிடலாம்.

இம்மாணாக்கன் கற்றவை எவை? இரசாயனம் கற்றான், விழுக்காட்டுக் கணக்குக் கற்றான், சோதனை அமைக்கும் முறை கற்றான். ஒருவரைக் கள்வர் என்று எண்ணுமுன் கேட்கவேண்டிய வினாக்கள் எத்தனை உள என்பதையும் கற்றான். செரிசினைப் பற்றிய பாடத்தை முன்னரே படித்துத் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவனும், தன் வீட்டு நூல் குறைந்த நாளில் அப்பாடத்தை நினையாதிருத்தல் கூடும். படித்தது வேண்டிய காலத்தில் நினைவிற்கு வருதலே இம்முறையின் பயன்.

மென்பொருள் செய்யும் பணி

இத்தகைய வழக்கை ஓர் ஆசிரியர் வகுப்பறையில் வாய்மொழியாகவும் நடத்தலாம். ஆயின் அறுபது மாணாக்கர் உள்ள வகுப்பில் விரைந்து பேசுவார் ஐவர். ஏனையோர் அவர் விடையைத் தமதாக்கிக்கொள்வர். ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவு செய்யவும், தவறவும், மீளவும் இடந்தருவதே மென்பொருளின் முதற்பணி.

மூடில் என்பது இவ்வகைக் கல்விக்கு உதவும் மென்பொருள்களுள் பலரும் அறிந்தது. ஆஸ்திரேலிய நாட்டில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பவரால் ஆக்கப்பெற்று 2002-ஆம் ஆண்டு வெளிவந்தது. விலையின்றி எவரும் பெற்றுத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. அதன்கண் உள்ள 'பாடம்' என்னும் உறுப்பு, மாணாக்கன் தரும் விடைக்கேற்ப அவனை வெவ்வேறு பக்கத்திற்கு அனுப்பும். மேற்கூறிய சந்தவாசல் வழக்கை அதனாலேயே அமைக்கலாம். 'வினாவிடை மன்றம்' என்பது மற்றோர் உறுப்பு. அதில் மாணாக்கன் தன் கருத்தை எழுதிச் சேர்த்த பின்னரன்றிப் பிறர் எழுதியவற்றைக் காண இயலாது. அண்டை வீட்டார் விடையைப் பார்த்து எழுதும் நம் பழைய நோய்க்கு இது நல்ல மருந்து. 'பட்டறை' என்பது பிறிதோர் உறுப்பு. மாணாக்கர் ஒருவர் எழுதியதை மற்றவர், ஆசிரியர் வகுத்த அளவைகளின்படி மதிப்பிடுதற்கு அது துணை செய்யும். நார்வே நாட்டிற் றோன்றிய எச்-5-பி என்னும் மென்பொருளில், படமும் ஒலியும் சேர்த்துக் கிளைவழிக் கதைகளை அமைத்தற்கென்றே ஒரு கருவி உளது. மருத்துவக் கலாசாலைகளில் வழங்கும் 'மெய்ந்நிகர் நோயாளி' மென்பொருள்களும் இவ்வினத்தனவே. அங்கே தவறான மருந்தைத் தேர்ந்த மாணவன் விளைவைக் காண்பான். ஓருயிர்க்கும் தீங்கு நேராது.

நம் நாட்டு நிலை

ஐ.ஐ.டி. எனப்படும் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் கூடி 2003-இல் என்.பி.டெல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2014 முதல் அத்திட்டத்தின்கீழ்த் தேர்வும் சான்றிதழும் வழங்கப்பெற்றன. 2017-இல் மத்திய அரசு சுவயம் என்னும் இணையக் கல்வித் தளத்தை நிறுவிற்று. ஒரு பட்டப்படிப்பின் ஒரு பருவத்துப் பாடங்களுள் 40 விழுக்காடு வரையில் அத்தளத்தின்வழிப் பயிலலாம் எனப் பல்கலைக் கழக மானியக் குழு 2021-இல் விதி வகுத்தது. ஒரு சிற்றூர் மாணவனும் தலைசிறந்த பேராசிரியர் உரையைத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்டல் கூடும் என்பது பெரும்பேறே. ஆயினும் இவற்றுட் பெரும்பாலன விரிவுரையும் அதன்பின் வாரந்தோறும் வினாத்தாளும் ஆக அமைந்தவை. கேட்டற்கு உரியன மிகுதி. முடிவு செய்தற்கு உரியன குறைவு.

இக்குறையை நீக்க முற்பட்டாரும் உளர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020-இல் தரவு அறிவியலில் இணையவழிப் படிப்பொன்றைத் தொடங்கிற்று. அதன்கண் வாணிகத் தரவுகளைப் பற்றிய பகுதியில், மாணாக்கன் தன் அண்மையிலுள்ள கடையையோ சிறுதொழிலையோ நாடி, உரிமையாளரின் இசைவுடன் மெய்யான கணக்குகளைப் பெற்று, அவர்க்குள்ள இடர் இன்னதெனக் கண்டு, தீர்வு கூறி அறிக்கை வரைதல் வேண்டும். இங்கே மென்பொருள் மாணாக்கனைத் திரையின்முன் கட்டிவைக்கவில்லை, தெருவிற்கு அனுப்புகின்றது. நம் அண்டையிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இவ்வகையில் முன்னிற்பது. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் தொடங்கிய அம்மருத்துவமனை, பிற்காலத்தில் ஊர்ப்புறப் பொது மருத்துவர்களுக்கெனத் தொலைநிலைக் குடும்ப மருத்துவப் படிப்பொன்றை நடத்தலாயிற்று. அவர்தம் மருத்துவ அறைக்கு வரக்கூடிய நோயாளியின் நிலையினின்று பாடம் தொடங்கும். ஒளிக்காட்சியும் நேர்வகுப்பும் அதனுடன் இணையும். நோயாளிகளை வேறிடத்திற்கு அனுப்புவதைக் குறைத்துத் தாமே தீர்க்குந் திறத்தை வளர்ப்பதே அதன் குறிக்கோள்.

கருவியின் எல்லைகள்

இனி இக்கருவியின் குறைகளையும் கூறாது விடல் முறையன்று. முதற்குறை, மென்பொருள் தன்னை அமைத்தவன் எண்ணிய வழிகளையே அறியும் என்பது. நம் வழக்கில் ஒரு மாணவன், "மகனே ஒருநாள் சாயப்பட்டறையில் உடனிருந்து தொழிலைக் காணட்டும்" என எண்ணுவானாயின், அது மூன்று வழிகளினும் நன்றாதல் கூடும். ஆயின் அதற்குத் திரையில் இடமில்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதி தொட்டுப் பரவிய உரையாடும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் எவ்விடைக்கும் மறுமொழி கூற வல்லன. எனினும் அவை பொய்யையும் மெய்போல் ஐயமின்றிக் கூறுதல் உண்டாகலின், துறையறிந்த ஆசிரியர் அருகிருத்தல் இன்றியமையாதது.

இரண்டாங் குறை இதனினும் பெரிது. வழக்குகள் யாருடையவை? பல்லாண்டாகத் தொகுக்கப்பெற்ற வழக்குகளிற் பல மேனாட்டுப் பெருநிறுவனங்களின் இடர்களே. அவையும் ஆங்கிலத்தில் அமைந்தன. அவற்றைக் கற்றல் தவறன்று. ஆயின் அவற்றையே கற்றால், ஆரணி வட்டத்து மாணவன் கடல் கடந்த வாணிகனின் கவலையைத் தீர்க்கக் கற்று, தன் தந்தையின் தராசு காட்டிய குறைக்கு விடையறியாது நிற்பான். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் நம்மிடையே பயில்கின்றனர். கல்வி என்பது தறியை விட்டு நீங்குதற்கு வழி என்ற எண்ணமே அவர்கட்கு ஊட்டப்பட்டுளது. நீங்குவதும் நிற்பதும் அவரவர் விருப்பம். ஆனால் தம் வீட்டுத் தொழிலிலும் ஆராய்ச்சிக்குரிய அறிவு உண்டென்பதை அறியாமலே நீங்குவார்களாயின் அஃது அவர்கட்கும் இழப்பு, தொழிற்கும் இழப்பு.

நாம் செய்யத்தக்கது

ஆதலின் நம் வழக்குகளை நாமே எழுதல் வேண்டும். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வழக்கைக் கொணர்வாராக. முடிவு செய்ய வேண்டியவர் யார், எந்நாளில், எவ்வளவு அறிந்த நிலையில் முடிவு செய்தார், அளவுகள் யாவை, பின்னர் நேர்ந்தது யாது என்னும் இவற்றை அவர் கூறியவாறே குறித்தல் வேண்டும். அவர் இசைவு பெறுதலும் பெயரை மாற்றுதலும் தவிர்க்கலாகாத கடமை. ஏனெனில் வழக்கு என்பது பிறர் துன்பம். அதனைக் கேட்டுவாங்கியே பயன்படுத்தல் வேண்டும். இரசாயன ஆசிரியரும் வாணிக ஆசிரியரும் அதனைச் சரிபார்த்துத் தருவாராயின், தமிழிலேயே அதனை மென்பொருளில் ஏற்றலாம்.

பொருளுக்குப் பஞ்சமில்லை. கைத்தறிக்கெனச் சில துணிவகைகளை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், விசைத்தறிச் சேலை கைத்தறி என்னும் பெயரில் விற்கப்படுமிடத்து வாங்குவோர் அதனை எவ்வாறு அறிவது? பட்டு முத்திரை தூய பட்டென்பதை உறுதி செய்கின்றது. தறி கையால் இயங்கிற்றா என்பதையும் அது கூறுமா? சாயநீர் கிணற்றிற் கலக்குமாயின் ஊரார் செய்வது யாது? இவை ஒவ்வொன்றும் சட்டமும் அறிவியலும் கணக்கும் ஒருங்கே வேண்டும் வழக்குகள். பழைய மாணவராகிய பெரியோர்களும், மருத்துவராகவும் வங்கி ஊழியராகவும் தலைமையாசிரியராகவும் தாம் கண்ட ஒரு வழக்கையேனும் எழுதி நல்குவாராயின், நம் கலாசாலைக்கு அதனினும் பயனுடைய நன்கொடை பிறிதில்லை.

பாவு மட்டும் இருந்தால் துணியாகாது. ஊடை மட்டும் இருந்தாலும் துணியாகாது. நூல்கள் கூறும் விதிகள் பாவென நீண்டு கிடக்கின்றன. நாள்தோறும் மக்கட்கு நேரும் வழக்குகளே அவற்றினூடு சென்று மீளும் ஊடை. மென்பொருள் நாடாவைப் போல ஊடையைக் கொண்டு செல்லும் கருவி. நூலின்றி ஓடும் நாடாவினால் துணி விளையாது.

இறுதியாக ஒன்று. எழுதி முடித்த வழக்கை முதன்முதற் படிக்கவேண்டியவர் அதனைத் தந்தவரே. மாணவன் சந்தவாசலுக்கு அதனைக் கைப்பேசியிற் கொண்டுசென்று, தறிக்குழியின் அருகமர்ந்து தந்தைக்குப் படித்துக் காட்டுவானாக. அவர் கேட்டு, "இவ்விடத்தில் நீ எழுதியது தவறு, காய்ச்சும் நேரத்தைக் கூறவில்லையே" என்று திருத்துவாராயின், அத்திருத்தத்தையும் அவன் ஏற்று எழுதுவானாக. அங்ஙனம் தந்தை திருத்திய முதல் வழக்கை அடுத்த ஆண்டு மலரிற் காண விழைகின்றோம்.